எந்த ஹார்டுவேர் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பணம் கேளுங்கள்

மின்சார கார் வாங்கிய மறுவாரமே அதே மாடலில் புது ஹார்டுவேர் வந்துவிட்டது என்று யாராவது வருத்தப்பட்டால், உடனே ஒரு பதில் வரும்: "போன் வாங்கினாலும்தான் அடுத்த மாதம் புது போன் வருகிறது, காருக்கு மட்டும் என்ன தனி நியாயம்?" புது போனுக்குப் புதுப் பெயர் இருக்கும், விலையும் வேறாக இருக்கும். கடையில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் வாங்குகிறோம். காரில் அப்படி நடப்பதில்லை. ஒரே பெயர், ஒரே விலை, ஒரே வாரத்தில் டெலிவரி. ஒருவருக்குப் பழைய கம்ப்யூட்டர், அடுத்தவருக்குப் புதுக் கம்ப்யூட்டர். கார் எந்தத் தேதியில் அசெம்பிளி லைனை விட்டு இறங்கியது என்பதுதான் வித்தியாசம். விற்கிறவருக்கு அது தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது.

ஆண்டின் நடுவில் பாகங்களை மாற்றாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. நல்ல பாகம் தயாரானால் அடுத்த ஜனவரிவரை ஏன் காத்திருக்க வேண்டும்? ஆனால் ஒரு காருக்கு வின் எண் (நம் ஊர் வழக்கில் சேசிஸ் நம்பர்) ஒதுக்கிய நாளிலேயே, அந்தக் காரில் எந்தக் கம்ப்யூட்டர், எந்தக் கேமரா, எந்த பேட்டரி இருக்கிறது என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். அது வேண்டாம் என்றால் புக்கிங் பணம் போகாமல் அடுத்த காருக்குக் காத்திருக்க விட வேண்டும். என் கோரிக்கை இவ்வளவுதான்.

இது நேற்றைய பிரச்சினை இல்லை. 2014 அக்டோபர் 9 அன்று அமெரிக்க மின்சார கார் நிறுவனமான டெஸ்லா, ஓட்டுநருக்கு உதவும் ஆட்டோபைலட் வசதியை அறிவித்தது. முன்கண்ணாடியில் ஒரு கேமரா, முன்னால் ஒரு ரேடார், பம்பர்களில் ஒலி அலையால் தூரம் அளக்கும் 12 அல்ட்ராசோனிக் சென்சார். அறிவிப்பு வருவதற்கு முன்பே, செப்டம்பர் கடைசியிலிருந்தே, இவை மாடல் எஸ் கார்களில் ஏறத் தொடங்கிவிட்டன. அதற்குச் சற்று முன்னால் கட்டிய காரை வாங்கியவர்களுக்கு எதுவும் கிடையாது, பிறகு பொருத்தித் தரவும் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு வருடம் கழித்து, 2016 அக்டோபர் 19 அன்று, அதே கதை: கேமரா 8 ஆனது, கம்ப்யூட்டர் மாறியது, பழைய காருக்கு வழியில்லை. அந்தத் தடவை புது ஹார்டுவேர் வாங்கியவர்களும் சிரமப்பட்டார்கள் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். பழைய காரில் வேலை செய்துகொண்டிருந்த தானியங்கி அவசர பிரேக் உள்ளிட்ட வசதிகள் புதிய காரில் சில மாதங்கள் இல்லை. அந்த ஹார்டுவேருக்கான சாஃப்ட்வேரைப் புதிதாக எழுத வேண்டியிருந்தது. "புதியது கிடைத்தால் அதிர்ஷ்டம்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது.

2019 ஏப்ரலில் மாடல் எஸ் லாங் ரேஞ்சின் முன் மோட்டாரை நிரந்தரக் காந்த மோட்டாராக மாற்றினார்கள். 100 கிலோவாட் மணி (kWh) பேட்டரி அப்படியே இருக்க, அமெரிக்க அளவீட்டில் ரேஞ்ச் (ஒருமுறை சார்ஜ் செய்தால் ஓடும் தூரம்) 335 மைலிலிருந்து 370 மைலுக்குப் போனது. காரின் பெயரில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. மார்ச்சில் வாங்கியவர் ஒவ்வொரு நீண்ட பயணத்திலும் அந்த 35 மைலை இழக்கிறார்.

எல்லா மாற்றத்துக்கும் கொதிக்க வேண்டியதில்லை. 2021 கடைசியில் மாடல் 3, மாடல் ஒய் கார்களில் 12 வோல்ட் ஈய-அமில பேட்டரிக்குப் பதிலாகச் சிறிய லித்தியம் பேட்டரி வந்தது. அது ஏறக்குறைய 16 வோல்ட்டில் வேலை செய்வதால் பழைய காரில் தூக்கிப் போட முடியாது. பழைய பேட்டரியைச் சில வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், செலவு சிறியது, கதை முடிந்தது. ஒரு மாற்றம் வலிக்குமா என்று பார்க்க இரண்டு கேள்வி போதும். பிறகு காசு கொடுத்தாவது மாற்றிக்கொள்ள முடியுமா? இனி வரும் சாஃப்ட்வேர் அந்தப் பாகத்தை நம்பி எழுதப்படுமா? முதல் கேள்விக்கு இல்லை, இரண்டாவதற்கு ஆம் என்று வந்தால், கார் டெலிவரி எடுத்த அன்றே பழசாகிவிட்டது என்று பொருள்.

டெஸ்லாவின் தானோட்டக் கம்ப்யூட்டரின் இரண்டு தலைமுறைகளான ஹார்டுவேர் 3-க்கும் 4-க்கும் இடையில் அதுதான் நடந்தது. மூன்றில் கேமராக்கள் சுமார் 1.2 மெகாபிக்சல், நான்கில் 5 மெகாபிக்சல். நினைவகம் இரட்டிப்பு. பெட்டியின் அளவும் வயரிங்கும் வேறு என்பதால், கம்ப்யூட்டரை மட்டும் கழற்றி மாற்றும் வேலை இல்லை. மாடல் எஸ், எக்ஸ் கார்களில் நான்கு 2023 தொடக்கத்தில் வந்தது. மாடல் ஒய்யில் 2023 மே, ஜூன் வாக்கில் எந்த அறிவிப்பும் இல்லாமல் நுழைந்தது. அந்த மாதங்களில் மூன்று இருக்கும் காரும் நான்கு இருக்கும் காரும் ஒரே விலைக்கு விற்றன. அப்போது முழுத் தானோட்ட சாஃப்ட்வேரின் விலை 15,000 டாலர், இரண்டு காருக்கும் அதே விலை. 2024 கடைசியில் அந்த சாஃப்ட்வேரின் 13-ஆம் பதிப்பு ஹார்டுவேர் 4-க்கு மட்டும் வந்தது. மூன்று வைத்திருப்பவர்களுக்கு 2025 ஜனவரியில் 12.6 என்ற சுருக்கிய பதிப்பு கிடைத்தது. அந்த மாதமே, சாஃப்ட்வேரைக் காசு கொடுத்து வாங்கியவர்களின் கம்ப்யூட்டரை மாற்ற வேண்டியிருக்கும் என்று எலான் மஸ்க் முதலீட்டாளர் கூட்டத்தில் ஒப்புக்கொண்டார். 15,000 டாலர் கொடுக்கிறவரிடம் "உங்கள் காரில் மூன்று இருக்கிறது" என்ற ஒரு வரியைச் சொல்லாமல் விட்டதற்கு எந்தப் பொறியியல் காரணமும் கிடையாது.

திரைக்குப் பின்னால் இருக்கும் கம்ப்யூட்டருக்கும் இதே நிலைதான். 2018 மார்ச்சில் மாடல் எஸ், எக்ஸ் கார்களில் டெக்ரா 3 என்ற சிப் போய் இன்டெல் ஆட்டம் (Atom) என்ற சிப் வந்தது. பிப்ரவரியில் வாங்கியவரின் காரில் இருந்தது 8 ஜிபி ஃபிளாஷ் நினைவகம். கார் ஓயாமல் அதில் பதிவுகளை எழுதிக்கொண்டே இருந்ததால் சில வருடங்களில் அது தேய்ந்து செத்தது. திரை இருண்டுபோனால் பின்பக்கக் கேமரா போகும், கண்ணாடிப் பனி நீக்கும் கட்டுப்பாடும் போகும். அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பான நிட்சாவின் அழுத்தத்தால் 2021-இல் சுமார் 1,35,000 கார்களைத் திரும்ப அழைக்க வேண்டிவந்தது. அதற்கு முன்னரே புதிய கம்ப்யூட்டருக்கு மாற நினைத்தவர்களிடம் 2,500 டாலர் கேட்டார்கள், பிறகு 1,500 ஆக்கினார்கள். மாற்றினால் பண்பலை வானொலி போய்விடும் என்ற நிலை இருந்தது.

இதுவரை சொன்னது பாகம் கூடுவது பற்றி. சொல்லாமல் குறைப்பதை நான் இன்னும் கடுமையாகப் பார்க்கிறேன். 2021 மே 25 அன்று, வட அமெரிக்க மாடல் 3, ஒய் கார்களில் இனி ரேடார் இல்லை என்று டெஸ்லா இணையதளத்தில் போட்டது. ஆனால் நிட்சா தன் பாதுகாப்புப் பட்டியலில், சில பாதுகாப்பு வசதிகள் உண்டு என்று காட்டும் டிக் குறிகளை எடுத்தது ஏப்ரல் 27 முதல் கட்டிய கார்களுக்கு. ஏறக்குறைய ஒரு மாதம், ரேடார் இருக்கிறது என்று நம்பிப் புக் செய்தவர்களுக்காக ரேடார் இல்லாத கார்கள் லைனில் இறங்கிக்கொண்டிருந்தன. அந்தக் கார்களில் தடம் பிடித்து ஓட்டும் வசதி முதலில் மணிக்கு 75 மைலோடு நிறுத்தப்பட்டது. முன்னால் போகும் காரிலிருந்து கூடுதல் இடைவெளியும் விட வேண்டியிருந்தது. அதே ஆண்டு நவம்பரில், சிப் தட்டுப்பாட்டின்போது, யூஎஸ்பி-சி போர்ட் இல்லாமல் கார்கள் டெலிவரி ஆயின. கேபிளைக் கையில் வைத்துக்கொண்டு போர்ட்டைத் தேடியபோதுதான் பலருக்குத் தெரிந்தது. 2022 அக்டோபரில் 12 அல்ட்ராசோனிக் சென்சார்களும் போயின. இந்தத் தடவை அறிவித்துவிட்டுத்தான் செய்தார்கள், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் பார்க்கிங் தூரம் காட்டும் வசதி கேமரா வழியாகத் திரும்பி வர 2023 மார்ச் ஆனது. நிறுத்திய காரைத் தானாக நம்மிடம் வரவழைக்கும் வசதி வர 2024 செப்டம்பர் ஆனது.

எழுத்தில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சீனா சாட்சி. அங்கே ஒவ்வொரு புதுக் காருடனும் சுற்றுச்சூழல் தகவல் பட்டியல் என்று ஒரு தாள் தர வேண்டும். முக்கிய பாகங்களின் எண்கள் அதில் இருக்கும். 2020 தொடக்கத்தில் ஷாங்காயில் தயாரான மாடல் 3 வாங்கியவர்கள் சிலர் கம்ப்யூட்டரின் எண்ணை அந்தத் தாளோடு ஒப்பிட்டார்கள். தாளில் ஹார்டுவேர் 3, காரில் 2.5. சப்ளை தடைபட்டதால் அப்படிப் போட்டோம், சப்ளை சீரானதும் இலவசமாக மாற்றித் தருகிறோம் என்றது டெஸ்லா. தானோட்ட வசதியே வாங்காதவர்கள் ஏன் புகார் சொல்கிறார்கள் என்று மஸ்க் கேட்டார். சீனத் தொழில், தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் மார்ச் 10 அன்று நிறுவனத்தை அழைத்து விளக்கம் கேட்டது. தாளில் எழுதியது காரில் இருக்க வேண்டும், அதை எதற்குப் பயன்படுத்துகிறீர்கள் என்பது வேறு பேச்சு. அந்த ஒரு தாள் இல்லாவிட்டால் இவ்வளவும் வெறும் முணுமுணுப்பாக முடிந்திருக்கும்.

முன்கூட்டிச் சொன்னால் வியாபாரம் படுத்துவிடும் என்ற பயத்துக்குப் பெயரே இருக்கிறது: ஆஸ்போர்ன் விளைவு. 1983-இல் ஆஸ்போர்ன் கம்ப்யூட்டர் நிறுவனம் அடுத்த மாடலைப் பற்றிப் பேசப்போய், கையிருப்பு விற்காமல் திவாலானது என்று சொல்வார்கள். நியாயமான பயம்தான். ஆனால் அடுத்த காலாண்டில் என்ன வருகிறது என்று நான் கேட்கவில்லை. ஏற்கெனவே கட்டி முடித்து, எண் ஒதுக்கி, என் பெயரில் நிற்கிற ஒரு காரைப் பற்றித்தான் கேட்கிறேன். அது ரகசியமாக இருக்க வேண்டிய தேவை என்ன?

சொல்லத் தெரியாதவர்களும் இல்லை. 2021 ஆகஸ்டில் அமெரிக்காவில் மாடல் 3 அடிப்படை ரகத்துக்காகக் காத்திருந்தவர்களுக்கு டெஸ்லா மின்னஞ்சல் அனுப்பியது: இரும்பு பாஸ்பேட் பேட்டரி உள்ள கார் என்றால் சீக்கிரம் கிடைக்கும், ரேஞ்ச் 253 மைல், சுமார் 10 மைல் குறைவு, சம்மதமா என்று. அந்த பேட்டரியை 100 சதவீதம்வரை சார்ஜ் செய்யலாம், குளிரில் சார்ஜ் மெதுவாக ஏறும். இரண்டையும் எடைபோட்டுப் பார்த்து அவரவர் முடிவு செய்தார்கள். செய்ய வேண்டிய முறை இதுதான், இதை அவர்களே செய்து காட்டியிருக்கிறார்கள்.

சட்டம் வரும்வரை வாங்குகிறவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். புக் செய்யும் அன்று இணையதளத்தில் அந்த ரகத்துக்குக் காட்டும் எல்லா விவரங்களையும் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அந்தப் பக்கம் நாளை மாறும். வின் எண் வந்ததும் 10-ஆவது எழுத்தைப் பாருங்கள்: பி (P) என்றால் 2023, ஆர் (R) 2024, எஸ் (S) 2025, டி (T) 2026. 11-ஆவது எழுத்து டெஸ்லா ஆலை: எஃப் (F) ஃப்ரீமான்ட், ஏ (A) ஆஸ்டின், சி (C) ஷாங்காய், பி (B) பெர்லின். புதுப் பாகம் எல்லா ஆலைக்கும் ஒரே நாளில் போவதில்லை என்பதால் இது உதவும். ஆனால் எந்தக் கம்ப்யூட்டர் என்பதை வின் எண் சொல்லாது. அதனால் பாக்கிப் பணம் கட்டுவதற்கு முன், டெஸ்லா ஆப்பில் எழுத்து மூலமாக நான்கு கேள்வி கேளுங்கள்: ஆட்டோபைலட் கம்ப்யூட்டர் எது, திரைக்கான பிராசசர் எது, பேட்டரி எந்த வகை, கார் கட்டிய மாதம் எது. போனில் கேட்டால் "எல்லாம் லேட்டஸ்ட்தான்" என்பார்கள், அந்தப் பதில் எதற்கும் உதவாது.

டெலிவரி அன்று பெயின்ட்டைத் தடவிப் பார்ப்பதற்கு முன் திரைக்குப் போங்கள். கன்ட்ரோல்ஸ், அதில் சாஃப்ட்வேர், அதில் அடிஷனல் வெஹிக்கிள் இன்ஃபர்மேஷன். ஆட்டோபைலட் கம்ப்யூட்டர் எண்ணும் பிராசசர் பெயரும் அங்கே இருக்கும். படம் எடுங்கள். திரை பூட்டியிருந்தால் முன்கண்ணாடிக்கு வெளியே நின்று பாருங்கள்: ஹார்டுவேர் 3 மாடல் ஒய்யில் மூன்று லென்ஸ் வரிசையாக இருக்கும், நான்கில் இரண்டு லென்ஸும் ஒரு வெற்று இடமும். ஓட்டுநர் கதவுத் தூணில் உள்ள ஸ்டிக்கரில் தயாரித்த மாதம் இருக்கும். பிறகு எல்லா யூஎஸ்பி போர்ட்டிலும் கேபிள் சொருகுங்கள், வயர்லெஸ் சார்ஜரின் இரண்டு பக்கமும் போனை வையுங்கள்.

வரிசை முக்கியம். இவ்வளவையும் முடிக்கும்வரை ஆப்பில் டெலிவரியை ஏற்கிற பொத்தானை அழுத்தாதீர்கள், பழைய காரை எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுப்பதாக இருந்தால் சாவியைத் தராதீர்கள். பழைய கார் கையை விட்டுப் போனபின் "எனக்கு இது வேண்டாம்" என்று சொல்லும் தெம்பு யாருக்கும் இருக்காது. காலாண்டுக் கடைசி வாரத்தில் இன்னும் கவனம் தேவை. கணக்கு முடிக்க வேண்டிய அவசரத்தில், வாரக்கணக்காகக் கிடங்கில் நின்ற காரும் வந்து சேரும். மார்ச் 28 அன்று அவசரப்படுத்தினால் ஏப்ரல் 5 வரை தள்ளிப்போடலாமா என்று கேளுங்கள்.

இந்தியாவில் 2025 ஜூலையில் மும்பையில் கடை திறந்து டெஸ்லா விற்கும் மாடல் ஒய் ஷாங்காயிலிருந்து கப்பலில் வருகிறது. கட்டிய நாளுக்கும் சாவி கைக்கு வரும் நாளுக்கும் இடையில் இடைவெளி விழத்தான் செய்யும். இங்கே எந்த கம்பெனியின் காரானாலும், டீலர் தரும் விற்பனைச் சான்றிதழான படிவம் 21-இல் தயாரித்த மாதமும் ஆண்டும் இருக்க வேண்டும். பதிவுக்குப் போகும் முன் அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், கதவு ஸ்டிக்கரோடு ஒப்பிடுங்கள். சிப் எது, கேமரா எது, பேட்டரி செல் எது என்று சொல்ல அந்தப் படிவத்தில் ஒரு கட்டம்கூட இல்லை. சீனத் தாளில் முக்கிய பாகங்களின் எண்களாவது இருக்கின்றன.