வெருளிக்கு மாட்டிய ரீசேட்

அந்தப் படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதைத் திரும்ப இங்கே போடப் போவதில்லை. மிளகாய்த் தோட்டத்து வெருளிக்கு, ரொறன்ரோவின் பேஸ்போல் அணியான புளூ ஜேஸின் ரீசேட்டை மாட்டி, "மட்ச்தான் வெல்லேல்லை, மயிலையாவது கலைக்கட்டும்" என்று எழுதி, கீழே என்னையும் ராக் பண்ணி விட்டிருந்தது. போட்டது யார் என்று சொல்ல மாட்டேன். அவனுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். குருவிப் படம் போட்ட சட்டையை மாட்டிக் குருவி கலைக்கிற அறிவைப் பற்றியும் நான் ஒன்றும் கதைக்க வரவில்லை.

நான் சொல்ல வந்தது ஒரே விசயம். தோற்கிற வருடத்தில் கழற்றி எறிகிறவன் வெல்கிற வருடத்தில் அதைப் போட்டுக்கொண்டு வரக்கூடாது. அவ்வளவுதான்.

சரி, தோற்றது உண்மை. மறைக்கவில்லை. இந்த 2024 இல் 162 ஆட்டம், 74 வெற்றி, 88 தோல்வி. ஐந்து அணி உள்ள பிரிவில் ஐந்தாவது. பேஸ்போல் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இது உலகக்கிண்ணம் மாதிரி நாலு மட்ச் தோற்று, அழுதுவிட்டு வீட்டுக்குப் போகிற விளையாட்டு இல்லை. மார்ச் கடைசியில் தொடங்கி செப்டெம்பர் கடைசி வரைக்கும் ஏறத்தாழ ஒவ்வொரு நாளும் ஆட்டம். 88 தடவை தோற்பதென்றால் 88 விடியல். ரொறன்ரோவில் இரவு 7.07 க்குத் தொடங்குகிற ஆட்டம் எனக்கு இங்கே அதிகாலை 4.37. சேவல் கூவ முதல் எழும்பி, தேத்தண்ணீரும் கையுமாகப் போனில் ஸ்கோர் பார்த்து, தோற்ற பிறகு வயலுக்குப் போனவன் நான். மனிசி கேட்பாள், "இண்டைக்கும் தானே?" இன்றைக்கும்தான்.

அதில் எத்தனை விதமான தோல்வி! போடன் பிரான்சிஸ் என்று ஒரு பந்தெறிகிறவர். ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். ஓகஸ்டில் ஒரு நாள் எட்டு இன்னிங்ஸ் முடியும் வரை எதிரணிக்கு ஒரு ஹிட்கூட, அதாவது அடித்துவிட்டு ஓட ஒரு பந்துகூட, கொடுக்கவில்லை. ஒன்பதாவதில் முதல் ஆளே ஹோம் ரன் அடித்தான், கிரிக்கெட்டில் சிக்ஸர் மாதிரி. சரி, ஒருமுறை நடக்கும். செப்டெம்பரில் திரும்பவும் அதே மாதிரி எட்டு இன்னிங்ஸ், திரும்பவும் ஒன்பதாவதில் முதல் ஆளே ஹோம் ரன். அன்றைக்கு நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மாட்டை அவிழ்க்கப் போய்விட்டேன். டானி ஜான்சனின் கதை இன்னும் விசேசம். ஜூனில் பொஸ்டனில் அவர் எங்களுக்காகத் துடுப்போடு நிற்கும்போது மழை வந்து ஆட்டம் நின்றது. ஜூலையில் அவரைப் பொஸ்டனுக்கே கொடுத்துவிட்டார்கள். ஓகஸ்டில் அந்த ஆட்டம் விட்ட இடத்திலிருந்து தொடங்கியபோது அவர் பொஸ்டனின் கச்சராக, அடிக்கிறவனுக்குப் பின்னால் பந்து பிடிக்கிறவராகக் குந்தியிருந்தார். ஒரே ஆட்டத்தில் இரண்டு பக்கமும் விளையாடிய முதல் ஆள், அமெரிக்க மேஜர் லீக்கின் வரலாற்றிலேயே. இதையெல்லாம் பார்த்தவன் நான். வெருளிக்கு மாட்டினவன் பார்க்கவில்லை.

அவன் எப்போது பார்த்தான்? போன வருடம் அவர்கள் 89 ஆட்டம் வென்று அடுத்த சுற்றுக்குப் போனபோது இதே ரீசேட்டைப் போட்டு வட்ஸ்அப்பில் படம் வைத்தான். மினசோட்டா அணியிடம் இரண்டு ஆட்டத்தில் வெளியே வந்ததும் படம் மாறிவிட்டது, அது வேறு. பிறகு டிசெம்பரில் கலிபோர்னியாவிலிருந்து ரொறன்ரோவுக்கு ஒரு தனி விமானம் வருகிறது, அதில் ஜப்பான்காரப் பெரிய ஆட்டக்காரர் ஷோஹெய் ஒட்டானி இருக்கிறார் என்று ஒரு கதை பரவியதே, ஞாபகம் இருக்கிறதா? "எங்கட ரீமுக்கு ஒட்டானி வாறார்" என்று முகநூலில் போட்டது யார்? விமானத்தில் இருந்தது ஒரு வியாபாரி. ஒட்டானி பத்து வருடத்துக்கு 700 மில்லியன் டொலரென்று லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸுக்குப் போய்விட்டார். பதிவும் போய்விட்டது. அந்த "எங்கட" என்ற சொல்லை மட்டும் ஒருக்கால் கவனியுங்கள். பிறகு வருகிறேன்.

இப்போது சிலர் வருவார்கள். "வன்னியில், விசுவமடுவில் இருந்துகொண்டு உனக்கு என்ன ரொறன்ரோ? ஒரு நாளாவது அந்த மைதானத்தைக் கண்டிருக்கிறாயா?" இல்லை. மெஸ்ஸிக்கு வெடி கொளுத்தினீர்களே, எத்தனை பேர் புவனஸ் அயர்ஸ் போய் வந்தீர்கள்? சென்னை அணிக்கு மஞ்சள் உடுப்புப் போடுகிற பெடியளில் எத்தனை பேர் சேப்பாக்கம் பார்த்திருக்கிறார்கள்? அதெல்லாம் ரசனை, நான் செய்தால் கனடா மோகம். நல்லது.

இன்னொரு கேள்வி, கொஞ்சம் நியாயமானது. தோற்றாலும் ஆட்கள் காசு கொடுத்துக்கொண்டே இருந்தால் முதலாளி ஏன் திருந்தப் போகிறான்? இருக்கலாம். நான் கொடுக்கிற காசு மாதம் ஒரு டேற்றாக் காட். விடுங்கள்.

உண்மையில் எனக்கு இந்த விளையாட்டைச் சொல்லித்தந்தது கனடாவுக்குப் போன அண்ணா. அதுவும் இங்கே நாங்கள் மூங்கில் தடியும் பந்துமாக ஆடுகிற எல்லேயை வைத்து. "எங்கட எல்லேதான்ரா, ஆனா பந்து போடுறவன் எதிரி" என்று போனில் சொன்னார். எல்லேயில் எங்கள் ஆளே எங்களுக்கு வாகாகப் பந்து போடுவான். அங்கே எதிரணிக்காரன் போடுகிறான். மற்றதெல்லாம் விளங்கிவிட்டது.

எல்லே என்றதும் 2011 ஞாபகம் வருகிறது. போர் முடிந்து மீளக்குடியேறி ஒரு வருடம். தறப்பாள் கொட்டில்தான் வீடு. கழகத்தைத் திரும்பத் தொடங்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவர் அண்ணாதான். ஆள் சேரவில்லை. விளையாடக்கூடியவர்களில் பாதிப் பேர் இல்லை, எங்கே என்று கேட்கக்கூடிய காலமும் இல்லை. மிச்சம் இருந்த பொடிப்பயல்களையும் ஒரு கால் சரியில்லாத ஒருவரையும் சேர்த்து, மூங்கில் தடி ஒன்றை வெட்டிச் சீவி, ஒரு ரெனிஸ் பந்தோடு தொடங்கினோம். அந்த வருடம் பக்கத்து ஊர்களோடு ஒன்பது ஆட்டம் ஆடினோம். ஒன்பதும் தோல்வி. ஒன்றில் நான் ஓடும்போது முதுகில் பந்து பட்டு அவுட்டாகிக் குப்புற விழுந்தேன். அந்தத் தழும்பு இன்னும் முழங்காலில் இருக்கிறது.

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு ஐயா சைக்கிளில் வருவார். எங்கள் ஊர்தான், ஆனால் எங்களுக்குச் சொந்தமில்லை. அவரின் மகன் முன்பு கழகத்தில் விளையாடினவன். பாலை மரத்தின் கீழ் சைக்கிளைச் சாய்த்துவிட்டு அதிலேயே சாய்ந்து நிற்பார். கை தட்ட மாட்டார், கத்த மாட்டார். முடிந்ததும் அண்ணாவிடம் வந்து "அடுத்தது எப்ப தம்பி?" என்று மட்டும் கேட்பார். ஒன்பது தடவையும் கேட்டார். ஒன்பதாவது ஆட்டம் முடிந்ததும் அண்ணா வெட்கத்தில் அவருக்கு முகம் கொடுக்காமல் தண்ணீர்ப் பானைப் பக்கம் போய் நின்றார். ஐயா அங்கேயும் போய்க் கேட்டார்.

"விளையாட்டை விளையாட்டாக எடு" என்று யாராவது கொமென்ட் போட நினைத்தால் தயவுசெய்து இந்தப் பத்தியைத் திரும்ப ஒருக்கால் வாசிக்கவும்.

நான் ஒன்றும் வீரம் கதைக்கவில்லை. ஜூலைக் கடைசியில் அவர்கள் ஆட்களை ஒவ்வொருவராக விற்றபோது எனக்கும் விட்டுப்போனது. ஒரு கிழமை எழும்பவில்லை. ஆனால் அந்த வெறுங்கை அணியிலும் விளாடி, அதுதான் பழைய பெரிய ஆட்டக்காரர் குரேரோவின் மகன், 30 ஹோம் ரன் அடித்து வருடத்தை .323 சராசரியோடு, அதாவது பத்துத் தடவைக்கு மூன்றுக்கு மேல் ஹிட்டோடு முடித்தார். அதைப் பார்க்க ஒருவராவது எழும்ப வேண்டாமா? கன்சாஸ் சிற்றி போன வருடம் 106 ஆட்டம் தோற்ற அணி. 2024 இல் அடுத்த சுற்றுக்குப் போனது. நாளைக்கு எங்கள் அணிக்கும் அப்படி நடந்தால் இவன் என்ன செய்வான்? வெருளியில் இருந்து கழற்றித் தோய்த்துப் போட்டுக்கொண்டு வருவான். "எங்கட" என்பான்.

அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நாலு வருடத்துக்கு முன் அண்ணா பார்சல் அனுப்பும்போது "எங்கட அண்ணா" என்று வீட்டுக்கு வந்து குந்தியிருந்தவனும் இவன்தான். அந்தப் பெட்டியில்தான் இந்த ரீசேட் வந்தது. மூன்று வந்தது. ஒன்று எனக்கு, ஒன்று இவனுக்கு, ஒன்று அம்மா தலையணைக்கு உறை மாதிரிப் போட்டு வைத்திருக்கிறார். இந்த வருடம் மாசியில் அண்ணாவுக்கு வேலை நின்றது. பார்சல் இல்லை. கோயில் திருவிழாவுக்குக் காசு வரவில்லை. கழகத்துக்குப் பந்து வாங்கவும் வரவில்லை. இந்த ஏழு மாதத்தில் அண்ணாவுக்கு ஒரு கோல் எடுத்தாயா? சுகமா என்று ஒரு வொய்ஸ்? யாரையும் குத்திக் காட்டவில்லை. பொதுவாகக் கேட்கிறேன். சரி, பொதுவாக இல்லை. உன்னைத்தான் கேட்கிறேன்.

"ஒரு ரீசேட்டுக்கு இவ்வளவா?" என்று கேட்பாய். ஒரு ரீசேட்டுக்குத்தான். அண்ணா அந்தப் படத்தைப் பார்த்துவிட்டார். கீழே ஒரு சிரிப்புக் குறி போட்டிருந்தார், பார்த்தாயா? அதற்கு நீயும் ஒரு சிரிப்புக் குறி போட்டாய். அன்றிரவு அவர் கோல் எடுத்தபோது பேஸ்போலைப் பற்றி ஒரு சொல் கதைக்கவில்லை. மழை பெய்ததா, விதைப்புக்கு நிலம் உழுதாயிற்றா, உரம் என்ன விலை என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். பன்னிரண்டு வருடத்தில் ஆட்டம் கதைக்காமல் அவர் போனை வைத்தது இது முதல் தடவை.

மாரி மழை தொடங்கப் போகிறது. அந்தச் சட்டை நனைந்து நாறிப் போக முதல் நானே தோட்டத்துக்கு வந்து கழற்றிக்கொண்டு போகிறேன், நீ வீட்டில் நிற்கத் தேவையில்லை. வெருளி அம்மணமாக நிற்கும் என்று கவலைப்படாதே, என்னிடம் ஒரு பழைய சாரம் இருக்கிறது, கொண்டு வருகிறேன். தோளில் ஆணி அடித்த இடம் கிழிந்திருப்பது படத்திலேயே தெரிகிறது. அம்மா தைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.