உறக்கத்தில் நிகழ்ந்த கொலைகள்

மரியா பிக்ஃபோர்டு என்ற பெண்ணைக் கொன்றதாகக் குற்றம்சாட்டப்பட்ட ஆல்பர்ட் டிரெல் 1846-இல் பாஸ்டனில் விடுதலையானதற்கு, உறக்கத்தில் நடக்கும் பழக்கம் பற்றிய வாதமே காரணம் என உறக்கத்தில் நிகழ்ந்த கொலைகள் பற்றிய ஒரு கட்டுரை கூறுகிறது. அது முழுமையானதன்று; மரியா தற்கொலை செய்துகொண்டிருக்கலாம் என்றும் டிரெலின் வழக்கறிஞர் ரூஃபஸ் சோட் வாதிட்டார். உறக்கத்தில் நடந்தது என்ற வாதத்துக்கு உண்மையான சோதனை என் பார்வையில் 1878-ஆம் ஆண்டின் சைமன் ஃபிரேசர் வழக்குதான். கிளாஸ்கோவைச் சேர்ந்த அவர், வீட்டுக்குள் கொடிய விலங்கு புகுந்துவிட்டதாக உறக்கத்தில் எண்ணித் தம் குழந்தையையே அடித்துக் கொன்றார். தாம் செய்வதை அவர் அறிந்திருக்கவில்லை என ஜூரிகள் கண்டதால், இனித் தனித்தே உறங்குவதாக உறுதிமொழி பெற்றுக்கொண்டு நீதிமன்றம் அவரை வீட்டுக்கு அனுப்பியது. 1843-இல் பிரதமர் ராபர்ட் பீலின் செயலாளரைச் சுட்டுக் கொன்ற டேனியல் மெக்நாட்டனோ, சித்தசுவாதீனம் இல்லாதவர் என்று தண்டனையிலிருந்து தப்பியும், 1865-இல் இறக்கும்வரை மனநலக் காப்பகங்களிலேயே அடைபட்டுக் கிடந்தார்.