“மகளுக்குத்தான் மாஸ்டர்”

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில், யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவானுக்குப் புறப்பட்ட பேருந்தில் எனக்குப் பக்கத்தில் வந்து அமர்ந்தவர், 35 ஆண்டுகளுக்கு முன்னர் எனக்குக் கணிதம் படிப்பித்த ஆசிரியர். புங்குடுதீவில் ஓர் அந்தியேட்டி வீட்டுக்குப் போவதாகச் சொன்னார். பண்ணைப் பாலம் தாண்டும் வரை ஊர்ப்புதினம் பேசினோம். பிறகு அவருடைய கண் என் மடியில் கிடந்த புத்தகத்தில் விழுந்தது. அட்டையில் சிறகை விரித்தபடி ஒரு டிராகன். “என்ன தம்பி, உது சின்னப்பிள்ளையளின்ர புத்தகமெல்லோ? பிள்ளைக்கோ?” என்று கேட்டார். “ஓம், மகளுக்குத்தான் மாஸ்டர்” என்றேன், ஒரு நொடிகூட யோசிக்காமல்.

என் மகள் அப்போது உயர்தரப் பரீட்சை எழுதி முடித்திருந்தாள். அதற்கு முந்திய இரண்டு ஆண்டுகளில் உயிரியல் குறிப்புகளைத் தவிர வேறெதையும் அவள் கையில் நான் கண்டதில்லை. புத்தகம் என்னுடையது, என் சம்பளத்தில் வாங்கியது, அதை நான் படிப்பது மூன்றாவது தடவை. 49 வயதான, அரச அலுவலகமொன்றில் கோப்புகளுக்கு நடுவே பாதி ஆயுளைக் கழித்த ஒருவன், பதின்ம வயதினருக்கென்று எழுதப்பட்ட மாயக்கதை ஒன்றை விரும்பிப் படிக்கிறான் என்பதைத் தன் பழைய ஆசிரியரிடம் ஒப்புக்கொள்ள ஏன் இப்படிக் கூசினான் என்று, அவர் இறங்கிப் போய் நான் நெடுந்தீவுப் படகில் ஏறிய பிறகும் யோசித்துக்கொண்டிருந்தேன். மடியில் இருந்தது சாராயப் போத்தலாக இருந்திருந்தால்கூட இவ்வளவு விரைவாகப் பொய் வந்திராது.

இந்தக் கூச்சம் எனக்கு மட்டும் உரியதல்ல. ஹாரி பொட்டர் வரிசையின் முதற்புத்தகம் 1997இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. மறு ஆண்டே அதே பதிப்பகம் அதே புத்தகத்துக்கு வளர்ந்தோருக்கென்று தனியாக ஓர் அட்டை போட்டது. வண்ண ஓவியம் போய், நீராவிப் புகைவண்டி ஒன்றின் கறுப்பு வெள்ளைப் புகைப்படம் வந்தது. உள்ளே கதை அதேதான். பள்ளிக்கூடக் காலத்தில் நாங்கள் சித்திரக்கதைகளைச் சமூகக்கல்விப் புத்தகத்துக்குள் ஒளித்துவைத்துப் படித்தோம். அங்கே அந்த வேலையைப் பதிப்பகமே பெரியவர்களுக்குச் செய்து கொடுத்திருக்கிறது. அமெரிக்காவில் பவுக்கர் என்னும் நூற்சந்தை ஆய்வு நிறுவனம் 2012இல் வெளியிட்ட கணக்கின்படி, பதின்ம வயதினருக்கான நூல்களை வாங்கியவர்களில் 55 சதவீதத்தினர் 18 வயதை எட்டியவர்கள் அல்லது கடந்தவர்கள். அவர்கள் வாங்கிய நூல்களில் 78 சதவீதமானவை தாங்களே படிப்பதற்காக வாங்கியவை. மிச்சம் 22 சதவீதத்தில் எத்தனை பேர் என்னைப் போல “மகளுக்குத்தான்” என்று சொன்னவர்களோ தெரியாது.

மாயக்கதை சிறுவர்களின் சொத்து என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதற்கு, ‘த லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்’ மாயக்கதையை எழுதிய டோல்கீன் சொன்ன விளக்கம் எனக்குப் பிடித்தமானது. 1939இல் ஸ்கொட்லாந்தின் சென்ட் அன்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில், வீட்டில் பழசாகிப்போன தளபாடங்களைப் பிள்ளைகள் விளையாடும் அறைக்குத் தள்ளிவிடுவதுபோலத்தான் இந்தக் கதைகளையும் பெரியவர்கள் அங்கே தள்ளிவிட்டார்கள் என்று அவர் சொன்னார். பிள்ளைகள் கேட்டு வாங்கியதல்ல, பெரியவர்களுக்கு வேண்டாமற்போனது. எங்கள் வீட்டில் அப்பப்பாவின் சாய்மனைக் கதிரை இப்படித்தான் பின்விறாந்தைக்குப் போனது. இன்றைக்கு அதே கதிரையைப் பழம்பொருள் வாங்குபவர்கள் விலை கேட்டு வருகிறார்கள் என்பது வேறு கதை.

யாழ்ப்பாணத்தில் அந்தத் தளபாடம் முழுவதாக வெளியே போகவில்லை என்பதுதான் என் எண்ணம். கந்தசஷ்டிக் காலத்தில் சூரன்போர் பார்க்கப் போங்கள். தடித்த மரங்களில் கட்டிய சூரனைத் தோளில் தாங்கிய இளைஞர்கள், தோள் உரசாமல் இருக்கத் துவாயை மடித்து வைத்துக்கொண்டு, முன்னும் பின்னும் ஓடுகிறார்கள். ஒரு தலையைக் கழற்றி இன்னொரு தலையை மாட்டும்போது கூட்டம் எம்பிப் பார்க்கிறது. பிறகு சூரன் மாமரமாகிறான். மரம் பிளந்து மயிலும் சேவலுமாகிறது. அந்த நேரத்தில் கோயில் வீதியில் நிற்கும் வங்கி முகாமையாளரும் வைத்தியரும் ஓய்வுபெற்ற அதிபரும் யாரும் “உது சின்னப்பிள்ளையளின்ர விசயம்” என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போவதில்லை. புராணத்தையும் கற்பனைக் கதையையும் ஒன்றாக்க நான் வரவில்லை, பக்தி வேறு. ஆனாலும் ஓர் உருவம் இன்னோர் உருவமாக மாறுவதைக் கண் கொட்டாமல் பார்க்கும் ஆசை பக்தியோடு பக்தியாக அங்கே நிற்கிறது என்பதை நின்று பார்த்தவர்கள் மறுக்கமாட்டார்கள். நவாலியூர் சோமசுந்தரப் புலவர் பிள்ளைகளுக்கென்று எழுதிய ஆடிப்பிறப்புப் பாட்டையும் நினைத்துப் பாருங்கள். புலவர் 1953இல் காலமானார். ஒவ்வோர் ஆண்டும் ஆடிக்கூழ் குடிக்கும் நாளில் அதை முழுவதுமாகப் பாடிக் காட்டுபவர்கள் பெரும்பாலும் அறுபது வயதைத் தாண்டியவர்கள். பிள்ளைகள் இரண்டு வரியோடு நிறுத்திவிடுகிறார்கள்.

அப்படியானால் புத்தகம் என்று வந்ததும் ஏன் முகம் சுளிக்கிறோம்? எங்கள் இலக்கிய ரசனையை ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வளர்த்தெடுத்தவர்கள் முற்போக்காளர்கள். விமர்சகர்களான கைலாசபதியும் சிவத்தம்பியும் எங்கள் கையில் தந்த அளவுகோல் யதார்த்தம். அந்த அளவுகோலால் நாங்கள் அடைந்த நன்மை பெரிது. சாதியையும் வறுமையையும் பெயர் சொல்லி எழுதும் துணிவு அதனால் வலுப்பெற்றது. அதோடு சேர்ந்து வந்த பக்கவிளைவு, யதார்த்தமல்லாத எதையும் “தப்பித்தல்” என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடும் பழக்கம். டோல்கீனின் அதே உரையில் இதற்கும் பதில் இருக்கிறது: சிறையிலிருந்து தப்பி வீட்டுக்குப் போக நினைக்கும் கைதியையும், போர்க்களத்தை விட்டு ஓடும் சிப்பாயையும் ஒன்றாகப் பார்க்காதீர்கள் என்கிறார் அவர். தொண்ணூறுகளில் மின்சாரமில்லாத இரவுகளில், ஜாம் போத்தலுக்குள் சொட்டு மண்ணெண்ணெய் விட்டுத் திரி கொளுத்தி, அம்புலிமாமாவின் பழைய இதழ்களை எழுத்துக் கூட்டிப் படித்த எங்களுக்கு இந்த வேறுபாட்டை யாரும் விளக்கத் தேவையில்லை.

இதைச் சொன்னவுடன், கனடாவிலிருந்து வந்திருந்த நண்பர் ஒருவர் எனக்கு ஒரு வைத்தியம் சொன்னார். யுத்தம் எங்கள் சிறுபராயத்தைத் தின்றுவிட்டது, அதனால்தான் ஐம்பதை நெருங்கும் வயதில் அதைத் தேடிப் போகிறாய் என்றார். அன்போடு சொன்னார், ஆனாலும் எனக்கு எரிச்சல் வந்தது. நான் எதைச் செய்தாலும் அதற்குக் காரணம் யுத்தமாகத்தான் இருக்கவேண்டுமா? நான் காரமான மீன்குழம்பை விரும்புகிறேன். அதற்கு யாரும் இடப்பெயர்வைக் காரணம் சொல்வதில்லை. தவிர, சிறுபராயத்தைத் தேடிப் போகிறவனுக்கு இந்தப் புத்தகங்கள் ஏமாற்றத்தையே தரும். அவற்றுக்குள்ளே நான் காண்பது பிள்ளைகளைவிடப் பெரும்பாலும் என் வயதுக்காரரைத்தான்.

அன்று மடியில் இருந்த புத்தகத்தையே எடுத்துக்கொள்கிறேன். அது அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் எழுதிய ‘எர்த்சீ’ வரிசையின் நான்காவது நூல். முதல் நூல் 1968இல் வந்தது. சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒரு கதை எழுதித் தரும்படி ஒரு பதிப்பகத்தார் கேட்டதால் எழுதியது. அந்த உலகம் முழுவதும் தீவுகள். ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்குச் சிறு படகுகளில் போகிறார்கள். காற்று எந்தப் பக்கம் என்பதுதான் முதற்கேள்வி. கதாநாயகனான கெட் செம்பழுப்பு நிறத்தவன். அந்தத் தீவுக்கூட்டத்து மக்களிற் பெரும்பாலோர் கறுத்தவர்கள். அட்டைப்படக்காரர்கள் அவனைப் பல காலமாக வெள்ளையனாகவே வரைந்து வந்தார்கள் என்பது லெ குவினுக்குக் கடைசிவரை ஆறாத கோபம். குறிகட்டுவான் இறங்குதுறையில் அரிசி மூட்டைக்கும் வாழைக்குலைக்கும் இடையில் இடம் பிடித்து, ஒரு மணி நேரம் கடலில் ஆடிக்கொண்டு நெடுந்தீவுக்குப் போகிறவனுக்கு இந்தக் கதை தூரதேசத்துக் கதையாகத் தெரிவதில்லை. சோளகக் காற்றுத் தொடங்கினால் படகு ஓடுமா ஓடாதா என்று இறங்குதுறையில் நிற்பவர்கள் கடலைப் பார்க்கும் பார்வையை, தீவில் பிறக்காத அந்த அம்மையார் எப்படி அறிந்தார் என்று சில காலைகளில் வியந்திருக்கிறேன்.

முதல் மூன்று நூல்களும் 1972க்குள் வந்துவிட்டன. அவற்றில் கெட் வளர்கிறான், மந்திரவாதிகளுக்கெல்லாம் தலைவனாகிறான், இறந்தோர் உலகம் வரை போய்த் தன் சக்தி முழுவதையும் கொடுத்துத் தீமையின் வாசலை அடைக்கிறான். பிள்ளைகளுக்கான கதை அங்கே முடிந்தது. 18 ஆண்டுகள் கழித்து, 1990இல், லெ குவின் நான்காவது நூலோடு திரும்பி வந்தார். அதன் நாயகி நடுத்தர வயது விதவை; பண்ணைக்காரன் ஒருவனின் மனைவியாக இருந்தவள்; பெயர் டெனார். சொந்தக்காரராலேயே நெருப்பில் தள்ளப்பட்டு, ஒரு பக்கம் கருகிப்போன சிறுமி ஒருத்தியை அவள் எடுத்து வளர்க்கிறாள். அங்கே டிராகனின் முதுகில் வந்து சேர்கிறான் கெட், மந்திரமெல்லாம் வற்றிப்போன வெறும் மனிதனாக. அரசனின் ஆட்கள் அவனை மரியாதையோடு அழைத்துப்போகத் தேடி வரும்போது, அவன் வெட்கத்தால் ஒளிந்துகொள்கிறான். பிறகு மலைக்கு ஆடு மேய்க்கப் போகிறான்.

இதை முதலில் நான் படித்தபோது எனக்கு 28 வயது, அலுத்துப்போய் மூடிவைத்தேன். மந்திரம் எங்கே, சண்டை எங்கே என்று தேடினேன். நாற்பதுக்கு மேல் மறுபடி எடுத்தபோது, ஒளிந்துகொள்ளும் அந்த இடத்தில் வந்து நின்றுவிட்டேன். ஒரு காலத்தில் ஊர் முழுவதும் பெயர் சொல்லிக்கொண்டிருந்த மனிதர்கள், இப்போது தங்கள் பெயரை யாரும் உரக்கச் சொல்லிவிடக்கூடாதே என்று விரும்புகிற மனிதர்கள், எங்கள் பகுதியில் எத்தனை பேர்! சந்தையில் கண்டால் நாங்களும் பார்க்காததுபோல் போகிறோம். அது அவர்களுக்கு நாங்கள் காட்டும் மரியாதை என்று நினைத்துக்கொள்கிறோம். அந்த மனிதனை டெனார் என்ன செய்கிறாள் தெரியுமா? சாப்பாடு போடுகிறாள். அதட்டுகிறாள். ஆட்டைப் பற்றிக் கேட்கிறாள். தட்டுக் கழுவுவதும் அடுப்பு மூட்டுவதும் கருகிய குழந்தையின் தலையைச் சீவிவிடுவதுமாக நகரும் பக்கங்கள் அந்தக் கதையில் டிராகனைவிட அதிகம். 13 வயதுப் பிள்ளைக்கு அந்தப் பக்கங்கள் எப்படித் தெரியும் என்று சொல்ல நான் ஆளில்லை. சக்தி தீர்ந்த பிறகு ஒரு மனிதன் என்ன செய்வான் என்ற கேள்வியை இத்தனை நேராகக் கேட்ட புத்தகத்தை, பெரியவர்களுக்கென்று ஒதுக்கிய நூல் அடுக்கில் நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். பிள்ளைகளுக்கு எழுதுகிறவர்கள் சுற்றிவளைக்க முடியாது என்பது ஒரு காரணமாயிருக்கலாம். சாவை எழுதினால் சாவு என்றே எழுதவேண்டும். வாசகன் முகம் பார்த்துக்கொண்டிருப்பான்.

எல்லாப் புத்தகமும் இப்படியென்று நான் சொல்லவில்லை. முன்பக்கத்தில் ஒரு வரைபடம், அநாதைப் பையன் ஒருவன், அவனுக்கென்றே காத்திருந்த வாள், எட்டுப் பாகம் என்று வருபவற்றிற் பல வெறும் சக்கை. சென்ற ஆண்டு அப்படியொன்றை 80 பக்கங்களோடு நிறுத்திவிட்டு, அலுவலகத்துப் பையன் ஒருவனுக்குக் கொடுத்துவிட்டேன். அவன் எட்டுப் பாகத்தையும் முடித்துவிட்டு நன்றி சொன்னான்.

எனக்குள்ள குறை வேறு. இவற்றை நான் ஆங்கிலத்தில், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படிக்கவேண்டியிருக்கிறது. எங்கள் கடைகளில் என் கண்ணுக்குப் பட்டவரை, தமிழ்ச் சிறுவர் நூல்கள் பேசும் நரியோடும் அறிவுரை சொல்லும் ஆமையோடும் பத்து வயதில் நின்றுவிடுகின்றன. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் வந்ததும் கதைப்புத்தகம் அலுமாரிக்கு மேலே ஏறிவிடுகிறது. இடையில் உள்ள வயதுக்கு எழுதினால் வாங்க ஆளில்லை என்கிறார்கள் பதிப்பிப்பவர்கள். நாங்கள் இருக்கிறோமே! நாற்பதையும் ஐம்பதையும் கடந்து, கையில் சம்பளத்தோடு, சிறுவர் நூல் அடுக்கின் முன்னால் வேறு யாருக்கோ வாங்குவதுபோல நிற்கிறோம். ஊர் நூலகமொன்றில் சிறுவர் பகுதியிலிருந்து ஒரு நூலை எடுத்துக்கொண்டு போனபோது, “பிள்ளையின்ர காட் கொண்டு வந்தனீங்களோ அண்ணை?” என்று கேட்டார்கள். அன்றும் நான் உண்மையைச் சொல்லவில்லை. மறந்துபோய் வந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு, நூலை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பினேன்.

மாஸ்டரிடம் பொய் சொன்ன அன்று மாலை வீட்டுக்கு வந்து மகளிடம் நடந்ததைச் சொன்னேன். சிரித்தாள். “அப்ப என்ர பேரில வாங்கின புத்தகத்தை ஒருக்காத் தாங்கோவன், பாப்பம்” என்றாள். பரீட்சை முடிந்த கையோடு இருந்ததால் நேரமிருந்தது. மூன்று நாள் கழித்து, “ஆக மெதுவாப் போகுது அப்பா, அந்த மனிசி சட்டிபானைதான் கழுவிக்கொண்டிருக்கிறா” என்று திருப்பித் தந்தாள். நான் வாதாடவில்லை. அவள் நிறுத்திய பக்கத்தில், என் பேருந்துச் சீட்டை மடித்து அடையாளம் வைத்திருந்தாள். அதை நான் எடுக்கவில்லை.