ஹட்டன் குழுவில் என் பெயர் ஏன் இல்லை

கடந்த ஞாயிறு ஆராதனையின் முடிவில், வரும் ஆகஸ்டு விடுமுறையில் இலங்கை மலையகத்துக்குச் சென்று விடுமுறை வேதாகமப் பள்ளி (விபிஎஸ்) நடத்தவிருக்கும் குழுவுக்குப் பெயர் கொடுக்கலாம் என்று அறிவித்தார்கள். வாசலில் காப்பிக் கோப்பையோடு நின்றபோதே மூன்று பேர் வந்து, "அக்கா, நீங்கள் இல்லாமல் எப்படி?" என்று கேட்டுவிட்டார்கள். நான் சிரித்து மழுப்பினேன். இருபத்திரண்டு ஆண்டுகளாக ஞாயிறு பள்ளியில் பாடம் எடுப்பவள், சென்ற முறை குழுவோடு ஹட்டன் வரை போய் வந்தவள், இந்த முறை ஏன் தயங்குகிறேன் என்பதை மழுப்பாமல் சொல்லிவிடுவதே முறை என்று வீட்டுக்கு வந்த பிறகு தோன்றியது. நம் சபையார் பலர் இதைப் படிப்பீர்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

விபிஎஸ் மீது எனக்குக் கசப்பு எதுவும் இல்லை. 1898இல் நியூயார்க்கில் எலைசா ஹாவ்ஸ் என்ற பெண்மணி, விடுமுறையில் தெருவில் திரிந்த ஏழைப் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்த வேறு இடம் கிடைக்காமல், ஒரு மதுக்கடையை வாடகைக்கு எடுத்தார் என்பதை ஒவ்வொரு கோடையிலும் புதிய ஆசிரியர்களுக்குச் சொல்வது என் வழக்கம். பெங்களூர் காக்ஸ் டவுனில் எங்கள் சபை மண்டபத்தின் மின்விசிறி ஓடவில்லை என்று யாராவது முணுமுணுத்தால் அந்த மதுக்கடையைத்தான் நினைவுபடுத்துவேன். ஆனால் அந்தப் பெண்மணி தம் நகரத்துப் பிள்ளைகளுக்காக அதைச் செய்தார் என்பதை, மலையகம் போய் வந்த பிறகுதான் நான் கவனித்தேன்.

போகும்போது எங்கள் பன்னிரண்டு பேருக்கும் இருந்த துணிவெல்லாம் மொழி தந்த துணிவு. வெளிநாடு என்றாலும் தமிழ்ப் பிள்ளைகள்தானே, மொழிபெயர்ப்பாளர் வேண்டாம், போனவுடன் ஒட்டிக்கொள்வார்கள் என்று நினைத்தோம். பெங்களூரிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம். கொழும்புக் கோட்டையிலிருந்து ஹட்டனுக்கு ரயிலில் ஐந்து மணி நேரத்துக்கு மேல். மூடுபனிக்குள் ரயில் ஏற ஏற, சன்னலுக்கு வெளியே தமிழ்ப் பெயர்ப்பலகைகளைப் பார்த்து எங்கள் இளைஞர்கள் ஆரவாரம் செய்தார்கள். அவற்றில் என்ன எழுதியிருக்கிறது என்று என்னிடம்தான் கேட்டார்கள்.

இந்த இடத்தில் நம் வீட்டு நிலைமையைச் சொல்லியாக வேண்டும். பெங்களூரில் வளரும் நம் பிள்ளைகள் பள்ளியில் கன்னடம் படிக்கிறார்கள். 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி அது கட்டாயம், இந்த ஊரில் வாழ்பவர்கள் கற்க வேண்டிய மொழியும்கூட. அதன் பிறகு எஞ்சும் இடத்தை இந்தியோ பிரெஞ்சோ பிடித்துக்கொள்கிறது. தமிழ் வீட்டில் பேச்சாக மட்டும் நிற்கிறது. அதனால்தான் ஆராதனையில் பாடல் வரிகளைத் திரையில் ஆங்கில எழுத்தில் போடுகிறோம். குழுவில் வந்த எட்டு இளைஞர்களில் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். இது பயணத்துக்கு முன்பே எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் அதை ஒரு குறையாக நான் எண்ணவில்லை.

முதல் நாள் மனன வசனம் மாற்கு பத்தாம் அதிகாரத்திலிருந்து. எங்கள் தம்பி ஒருவன் அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கைப்பேசியில் ஆங்கில எழுத்தில் குறித்து வைத்திருந்ததைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தவன், "தடைபண்ணாதிருங்கள்" என்ற சொல்லில் இடறி விழுந்தான். இரண்டு முறை முயன்றான். முன்வரிசையில் இருந்த பத்து வயதுச் சிறுமி ஒருத்தி எழுந்து, அவன் கையிலிருந்த அட்டையைப் பார்த்து முழு வசனத்தையும் நிறுத்தக்குறிகள் பிசகாமல் வாசித்துவிட்டு, "இப்படித்தானே சேர்?" என்று கேட்டாள். கேலியே இல்லை. அவன் பெரியவன், அவனுக்கு உதவி தேவைப்பட்டது, அவள் செய்தாள், அவ்வளவுதான். தோட்டப் பாடசாலையில் அந்தப் பிள்ளைகள் முதல் தரத்திலிருந்தே எல்லாப் பாடத்தையும் தமிழில் படிக்கிறார்கள் என்பது அன்று எங்களுக்கு உறைத்திருக்க வேண்டும். அன்று மாலைக் கூடுகையில் தம்பியின் சாட்சி, "பிள்ளைகள் மிகவும் உற்சாகமாகப் பங்கெடுத்தார்கள்" என்பதாக இருந்தது.

பேச்சும் நாங்கள் நினைத்ததுபோல் எளிதாக இல்லை. நாங்கள் நோட்டு என்றால் அவர்களுக்குக் கொப்பி. "புரிகிறதா?" என்று நாங்கள் கேட்டால் பேசாமல் பார்ப்பார்கள்; அந்த ஊர்ச் சபையின் டீச்சர் வந்து, "விளங்குதா?" என்று கேட்டதும் கூட்டமாகத் தலையாட்டுவார்கள். இடையிடையே நாங்கள் தூவிய ஆங்கிலத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மூன்றாம் நாளுக்குள் கதை சொல்லும் பொறுப்பு தானாகவே அந்த டீச்சரிடம் போய்விட்டது, நாங்கள் ஓரத்தில் நின்று அபிநயப் பாட்டுக்குக் கை அசைத்தோம். வகுப்பு முதன்முறையாக வகுப்பாக நடந்ததும் அன்றுதான்.

பாடத்திட்டத்தையும் நாங்கள் இங்கிருந்தே பெட்டியில் சுமந்து போயிருந்தோம். அந்த ஆண்டு அதன் கருப்பொருள் காட்டுப் பயணம். இரவெல்லாம் அட்டையில் சிங்கமும் சிறுத்தையும் வெட்டி ஒட்டி மண்டபத்தை அலங்கரித்தோம். காலையில் ஒரு பையன் அட்டைச் சிறுத்தையை நெடுநேரம் பார்த்துவிட்டு, அதன் வால் இன்னும் நீளம் என்றான். மேல் லயத்து (லயம் என்பது தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகள்) நாயைச் சிறுத்தை தூக்கிப் போனதை அவன் கூட்டாளிகள் சொல்லச் சொல்ல, எங்கள் ஆசிரியைகளின் முகம் வெளுத்தது. ஹட்டனைச் சுற்றிய தேயிலைத் தோட்டங்களில் சிறுத்தை உலவுவது அங்கே அன்றாடச் செய்தி. கொழுந்து பறிக்கப் போகும் அம்மாவைப் பற்றிய அச்சம் அந்தப் பிள்ளைகளுக்கு உண்மையான அச்சம். "பயப்படாதே" என்ற அன்றைய பாடத்தை அதிலிருந்து தொடங்கியிருக்கலாம். நாங்களோ பெட்டியில் எழுதியிருந்தபடி சவன்னாப் புல்வெளியைப் பற்றிப் பேசினோம்.

இன்னொரு சிறுவன் எங்கள் குழுத் தலைவரைத் "தொரை" என்று கூப்பிட்டான். தொப்பியும் மலையேற்றக் காலணியுமாக நின்றவரைப் பார்த்து, தோட்ட நிர்வாகிக்கு அவன் வீட்டில் வழங்கும் சொல்லை அவன் சொன்னான். எல்லோரும் சிரித்தோம், நானும்தான். 1910இல் எடின்பரோ மாநாட்டில் மேலைநாட்டு மிஷனெரிகளுக்கு முன்னால் நின்று, எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்ட வேதநாயகம் அசரியா நம் திருநெல்வேலிக்காரர். அவருடைய படத்தை மாட்டி மிஷனெரி ஞாயிறு கொண்டாடும் நாம், படகேறிப் போய் இன்னொரு ஊரில் துரையாக நிற்கிறோம் என்பது சிரிப்பு அடங்கிய பிறகுதான் எனக்குக் குத்தியது. (படகு என்றது பேச்சுக்கு, போனது விமானத்தில்தான்.)

"1854இலேயே தோட்டத் தமிழர்களுக்கான மிஷனுக்குத் திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்கள் போனார்கள், அந்த ஊழியத்தின் தொடர்ச்சிதான் இது" என்று அறிவிப்பு வந்த அன்று பெரியவர் ஒருவர் பெருமையோடு சொன்னார். போனது உண்மை. அவர்கள் கூலிகளாகப் போன தம் ஊராரின் பின்னே காப்பித் தோட்டங்களுக்குள் நடந்து போய், அங்கேயே தங்கி, அங்கே வாழ்ந்தவர்கள். நாம் போனது பத்து நாள். அதில் இரண்டு நாள் நுவரெலியாவைச் சுற்றிப் பார்த்தோம். அந்தக் கூலிகளின் பேரப்பிள்ளைகள் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாகி, 1964ஆம் ஆண்டு இந்தியாவும் இலங்கையும் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இன்னார் இங்கே, இன்னார் அங்கே என்று எண்ணிப் பிரிக்கப்பட்ட கதையும் எங்கள் இளைஞர்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. ஆயத்தக் கூட்டங்களில் ஆறு வாரம் அபிநயப் பாட்டுக்கு ஆடிப் பழகினோம். ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்கவில்லை. ஒதுக்காதது என் தவறும்தான், ஏனென்றால் பயிற்சி அட்டவணையை வகுத்தவள் நான்.

போவதற்கு முன்பே அந்தச் சபையார் எங்கள் அனைவருடைய கடவுச்சீட்டுப் பிரதியையும் கேட்டிருந்தார்கள். முதல் நாள் வாசலில் பைகளைத் திறந்து பார்த்தார்கள். "ஊழியத்துக்கு வந்தவர்களைச் சந்தேகப்படுகிறார்களே" என்று எங்களில் சிலர் முகம் சுளித்தார்கள். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் காலையில் மட்டக்களப்பு சீயோன் ஆலயத்தில், ஞாயிறு பள்ளி முடிந்து வெளியே நின்றிருந்த பிள்ளைகள் குண்டுவெடிப்பில் மடிந்தார்கள். அந்த நாட்டில் பிள்ளைகள் கூடும் இடத்துக்குள் பெரிய பைகளோடு நுழையும் அந்நியர்களை வாசலில் நிறுத்தாமல் விட்டால்தான் தவறு. நாம் அந்நியர்கள் என்ற எண்ணமே நமக்கு இல்லாததால் வந்த கோபம் அது.

இதுவரை சொன்னவை எல்லாம் முன்னாயத்தத்தால் திருத்திவிடக்கூடியவை என்று நீங்கள் சொல்லலாம். எனக்குத் தூக்கம் கெடுத்தது வேறு.

கடைசி நாள் அழைப்பு கொடுத்தோம். கண்களை மூடிக்கொண்டு, இயேசுவை ஏற்றுக்கொள்கிறவர்கள் கையை உயர்த்துங்கள் என்று சொன்னதும் ஏறக்குறைய எல்லாக் கைகளும் உயர்ந்தன. பத்து நிமிடத்துக்கு முன், கேக் வேண்டுபவர்கள் கையை உயர்த்துங்கள் என்று சொன்னபோதும் அதே கைகள்தான் உயர்ந்தன. இயேசுவை ஏற்றுக்கொண்டதாகப் பிள்ளைகள் பெயர் எழுதிக் கொடுத்த தீர்மான அட்டைகளை எண்ணி, அந்த எண்ணிக்கையை இங்கே ஆராதனையில் வாசித்தோம், சபை கைதட்டியது. அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் தோட்டத்து மாரியம்மன் கோவில் திருவிழாவில் வளர்கிற இந்துப் பிள்ளைகள். விடுமுறை நாளில் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார்கள், லயத்தில் தனியாகக் கிடக்கும் பிள்ளைகளைப் பகல் முழுதும் நல்லவர்கள் சிலர் பார்த்துக்கொள்கிறார்களே என்ற நிம்மதியில் அனுப்பினார்கள். பாட்டும் கதையும் இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். நம் பிள்ளையிடம் இப்படி ஒரு தீர்மானத்தைக் கேட்பார்கள், அதற்கு ஓர் அட்டை இருக்கிறது என்பதை யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. என் வீட்டுப் பிள்ளையைப் பக்கத்துத் தெருவில் ஓவிய வகுப்புக்கு அனுப்பி, அங்கே என்னைக் கேட்காமல் வேறொரு சமயத்தின் உறுதிமொழி அட்டையில் பெயர் எழுத வைத்தால் நான் என்ன செய்வேன் என்பதை என்னால் மிகத் தெளிவாகக் கற்பனை செய்ய முடிகிறது.

இலங்கை அரசியலமைப்பின் 9ஆவது உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் தருகிறது. 10ஆவது உறுப்புரை எவரும் தாம் விரும்பும் சமயத்தைப் பின்பற்றும் உரிமையைக் காக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில், 2004இல் மதமாற்றத் தடை மசோதா வந்த நாட்களையும் கடந்து, அந்தச் சிறிய சபை அக்கம்பக்கத்து நல்லெண்ணத்தில் வாழ்கிறது. நாம் வாசித்த எண்ணிக்கை, பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களோடு, இணையத்தில் இன்றும் இருக்கிறது. ஏதாவது பூசல் எழுந்தால் நாம் பெங்களூரில் இருப்போம். பதில் சொல்ல வேண்டியவர் அந்த டீச்சர். கர்நாடகத்தில் 2022ஆம் ஆண்டு மதமாற்றத் தடைச் சட்டம் வந்தபோது நம் ஜெபக்கூட்டங்களில் எத்தனை கலங்கினோம்! அந்தக் கலக்கத்தை அறிந்த நாம், அதை இன்னொரு சபையின் தலையில் வைத்துவிட்டு வரலாமா?

விசாவையும் சொல்லிவிடுகிறேன். விண்ணப்பத்தில் சுற்றுலா என்றுதான் நிரப்பினோம். சமயப் பணிக்காக நம் நாட்டுக்கு வருபவருக்கு மிஷனரி விசா என்று தனி வகை இருக்கும்போது, அங்கே நாம் செய்ததற்கு என்ன பெயர் வைப்பது என்று குழு யோசிக்க வேண்டும். இலங்கை வேண்டாம், நேபாளம் போகலாம் என்கிறவர்களுக்கு: 2018இல் நடைமுறைக்கு வந்த அந்நாட்டுக் குற்றவியல் சட்டப்படி மதமாற்றம் செய்ய முயல்வதற்கு ஐந்து ஆண்டு வரை சிறை, வெளிநாட்டவரானால் நாடு கடத்தலும் உண்டு. தயவுசெய்து அதைப் படித்துவிட்டுப் பேசுங்கள்.

சென்ற முறை ஒருவருக்கு 30,000 ரூபாய்க்கு மேல் செலவானது. பன்னிரண்டு பேருக்கு அது என்ன தொகை என்று கணக்கிட்டு, அதில் பாதியையாவது அந்தப் பகுதி ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள் தாங்களே நடத்தும் பயிற்சிக்கும் கொப்பிகளுக்கும் நாம் கொடுக்கலாம் என்று அருட்பணிக் குழுவுக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். வகுப்பை அவர்கள் நடத்தட்டும். அவர்கள் அழைத்தால் நம்மில் இரண்டு பேர், உரிய அனுமதியோடு, பாய் விரிக்கவும் தேநீர் ஊற்றவும் போகலாம். தீர்மான அட்டை வேண்டாம். பெற்றோருக்கு என்ன நடக்கும் என்று முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். பிள்ளைகளின் படங்களை நீக்க வேண்டும். இளைஞர்களின் உற்சாகத்தை நான் அணைக்கிறேன் என்று எங்கள் சபைப் போதகர் ஐயர் வருந்துகிறார். அந்த உற்சாகத்துக்கு நம் லிங்கராஜபுரத்துத் தெருக்களிலேயே வேலை கிடக்கிறது என்று சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை.

கடிதத்தில் இன்னொரு வேண்டுகோளும் உண்டு. சனிக்கிழமை மாலைகளில் காணொளி வழியாக நம் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கக் கற்றுத்தர அந்த டீச்சரைக் கேட்கலாம், அதற்குரிய சம்பளத்தை நாம் தர வேண்டும் என்பது. குழு முடிவெடுக்கும் முன்பே நான் அவசரப்பட்டு அவருக்குக் குரல்பதிவு அனுப்பிவிட்டேன். மறுநாள் பதில் வந்தது. சிக்னல் கிடைக்கும் இடமாகப் பார்த்து உட்கார வேண்டும், மற்றபடி தமக்குச் சம்மதம் என்றவர், "பிள்ளைகளுக்கு எத்தனையாம் தரத்துப் புத்தகம் அனுப்பட்டும் அக்கா?" என்று கேட்டிருந்தார். சென்ற முறை குழுவில் வந்த தம்பியையும் மனத்தில் கொண்டு, முதல் தரம் என்று பதில் அனுப்பியிருக்கிறேன்.