கிராமச் சேவை மையங்களும் தங்கும் ஆட்களும்

இந்து ஆன்மிக அமைப்புகள் கிராமங்களில் நடத்தும் சேவை மையங்களைப் பற்றிப் பேச்சு எழுந்தால், ஒரு சாரார் அவற்றைக் கேள்வியே இன்றிப் போற்றுகிறார்கள். மற்றொரு சாரார் மதப் பரப்புரை என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுகிறார்கள். இரு தரப்பினரும் பெரும்பாலும் ஒருநாள் முகாமையோ ஓர் அன்னதானத்தையோ மனத்தில் வைத்தே பேசுகிறார்கள். ஒரு மையம் அந்த ஊரில் எத்தனை ஆண்டுகள் தங்கியது, தங்கிய காலத்தில் எந்தெந்தப் பொறுப்புகளை ஊரார் கையில் சேர்த்தது என்ற இரண்டையும் கொண்டுதான் அதை எடைபோட வேண்டும் என்பது என் கருத்து.

இராமகிருஷ்ண இயக்கத்தின் கிராமத் தொண்டு தொடங்கிய விதத்தையே பாருங்கள். 1897ஆம் ஆண்டு மே 1ஆம் நாள் கல்கத்தாவில் விவேகானந்தர் இயக்கத்தைத் தொடங்கியபோது, அவருடைய சகோதரத் துறவியான சுவாமி அகண்டானந்தர் வங்காளத்தின் முர்ஷிதாபாத் பகுதியில் பஞ்சத்தால் வாடிய மக்களின் நடுவே இருந்தார். அதே மாதத்தில் மஹுலா என்னும் சிற்றூரில் அவர் நிவாரணப் பணியைத் தொடங்கினார். பஞ்சம் தணிந்த பிறகும் அவர் ஊர் திரும்பவில்லை. பெற்றோரை இழந்த குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டு, அவர்களுக்கு எழுத்தறிவோடு நெசவு, தையல், தச்சு, பட்டுப்புழு வளர்ப்பு ஆகியவற்றைக் கற்றுக்கொடுக்கும் ஆசிரமம் ஒன்றை நிறுவினார். அது பின்னர் சார்காச்சியில் நிலைகொண்டது. 1934இல் இயக்கத்தின் தலைமைப் பொறுப்பு வந்து சேர்ந்த பிறகும் அவர் சார்காச்சியையே தம் இருப்பிடமாகக் கொண்டிருந்தார். 1937இல் மறையும் வரை, ஏறத்தாழ 40 ஆண்டுகள், அவருடைய உழைப்பு அந்த ஒரு வட்டாரத்தோடு பிணைந்திருந்தது. திட்ட அறிக்கையும் ஊதியமும் பதவி உயர்வும் ஒரு மனிதரை ஒரே வட்டாரத்தில் இவ்வளவு காலம் நிறுத்திவைக்க முடியும் என்று நான் நம்பவில்லை. வறியவரைத் தெய்வமாகக் காணச் சொன்ன நம்பிக்கையே அவரை அங்கே நிறுத்தியது.

இந்த உணர்வு நமக்குப் புதிதன்று. திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது, அப்பரும் சம்பந்தரும் இறைவன் அருளிய படிக்காசைக் கொண்டு, பஞ்சம் தீரும்வரை அடியார்களுக்கு நாள்தோறும் அமுது படைத்தார்கள் என்பது சைவ மரபு போற்றும் வரலாறு. அதில் என் மனம் நிற்பது படிக்காசு என்னும் அற்புதத்தில் மட்டும் இல்லை. 'பஞ்சம் தீரும்வரை' என்பதிலும்தான். 1867இல் வள்ளலார் வடலூரில் மூட்டிய அடுப்பு, சாதி சமயம் பாராமல் வருவோர்க்கெல்லாம் உணவளிப்பதற்காக இன்றும் எரிகிறது. ஆகவே உணவளிப்பதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை வந்து பந்தியிட்டுப் போவதற்கும் அணையாத அடுப்புக்கும் உள்ள தொலைவையே சொல்கிறேன்.

தங்குவதால் என்ன பயன் என்பதற்குச் சாண எரிவாயுக் கலன் நல்ல சான்று. ஏக்நாத் ரானடே 1972இல் கன்னியாகுமரியில் தொடங்கிய விவேகானந்த கேந்திரம், தன்னுடைய இயற்கை வள மேம்பாட்டுப் பிரிவின் வழியாக இந்தத் துறையில் நீண்டகாலமாகப் பணிபுரிகிறது. இரண்டு கன மீட்டர் கலன் ஒன்றுக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 கிலோ சாணம் தேவை. நான்கைந்து மாடுகள் உள்ள வீடு அதைத் தர முடியும். சாணத்தைச் சம அளவு நீரோடு கரைத்து ஊற்றினால் ஒரு நடுத்தரக் குடும்பத்தின் சமையல் நடந்துவிடும். வெளிவரும் கழிவு வயலுக்கு உரமாகும். காகிதத்தில் இவ்வளவுதான். நடைமுறையில், செங்கல் குவிமாடத்தில் மயிரிழை போன்ற விரிசல் விழுந்தாலே வாயு கசிந்துவிடும். கரைசல் பதம் தப்பினால் மேலே ஆடை கட்டிக்கொள்ளும்; நுழைகுழாயில் வைக்கோல் சிக்கினால் அடைத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் கூப்பிட்ட குரலுக்கு வரக்கூடிய, கலன் கட்டத் தெரிந்த கொத்தனார் பக்கத்து ஊரில் இல்லையென்றால், மானியத்தில் கட்டிய கலன் சில மாதங்களில் குப்பைக்குழியாகிவிடும், வீட்டுப் பெண் மறுபடியும் விறகுக்குப் போவாள். கேந்திரம் கலன்களைக் கட்டிக்கொடுத்ததோடு நிற்காமல் உள்ளூர்க் கொத்தனார்களுக்கு அந்த வேலையில் பயிற்சியும் அளித்தது. அதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். பயிற்சி பெற்ற கொத்தனார் அந்த மண்ணின் மனிதர். மையமே நாளை வேறிடம் பெயர்ந்தாலும் அவர் கைத்திறன் ஊரில் இருக்கும்.

இமாச்சலப் பிரதேசத்தின் சித்பாரியில் சின்மயா இயக்கத்தின் ஊரக மேம்பாட்டுப் பணி 1985இல் தாய்சேய் நலத்தில்தான் தொடங்கியது. தில்லியை விட்டு அங்கே சென்று தங்கிய மருத்துவர் க்ஷமா மேத்ரே, நோய்க்கு மருந்து கொடுப்பதோடு நிறைவடையவில்லை. பெண்கள் கூடிப் பேசும் மகளிர் மன்றங்கள் உருவாயின, சேமிப்பு வந்தது, பிறகு கிராம சபையில் எழுந்து கேள்வி கேட்கும் துணிவும் வந்தது. கர்நாடகத்தின் பிளிகிரிரங்கன் மலையில் மருத்துவர் சுதர்சன், விவேகானந்தர் மீதுகொண்ட ஈடுபாட்டால் சோலிகர் பழங்குடியினரிடையே 1981இல் தொடங்கிய மையமும் மருத்துவத்திலிருந்து பள்ளிக்கும் பிழைப்புக்கும் விரிந்தது. அந்தச் சோலிகர்கள் தங்களுடைய சொந்த அமைப்பாகத் திரண்டு, புலிகள் காப்பகத்துக்குள்ளேயே 2011இல் சமூக வன உரிமையைப் பெற்றார்கள். உரிமையை வென்றவர்கள் அவர்களே. ஒரு சேவை மையத்துக்கு இதைவிடப் பெருமை வேறு வேண்டியதில்லை.

நம் தமிழ்நாட்டு ஊர்களுக்கு வருவோம். இங்கே முதலில் கேட்க வேண்டிய கேள்வி, மையம் எந்தத் தெருவில் இருக்கிறது என்பதுதான். ஊர்க் கோயிலை ஒட்டிய மண்டபத்தில் தையல் வகுப்பு நடந்தால், அந்தப் படியேறக் காலங்காலமாகத் தயங்க வைக்கப்பட்ட காலனிப் பெண்கள் வரமாட்டார்கள். 'எல்லோரும் வரலாம்' என்று பலகையில் எழுதிவைப்பதால் அந்தத் தயக்கம் போகாது. பால்வாடிக் குழந்தைகள் ஒரே வரிசையில் அமர்ந்து, காலனியைச் சேர்ந்த ஆயா சமைத்ததை உண்ண வேண்டும். அதற்கு ஊர்ப் பெரியவர்கள் முகம் சுளித்தால், அவர்களிடம் அமர்ந்து பேசும் பொறுமையும் பின்வாங்காத உறுதியும் மையத்தாருக்கு வேண்டும். அதேபோல, தேவாலயத்துக்கோ பள்ளிவாசலுக்கோ போகும் குடும்பம் மருந்துக்காக வரும்போது, பஜனையில் உட்கார்வது அதற்கு விலையாக இருக்கக் கூடாது. விளக்கு பூஜை விரும்புவோருக்கு நடக்கட்டும். மருந்துச் சீட்டுக்கும் அதற்கும் தொடர்பு இருக்க வேண்டாம். எல்லா உயிரிலும் இறைவன் உறைகிறான் என்று சொல்லும் நெறியைப் பின்பற்றுவோர்க்கு இது கூடுதல் நிபந்தனையாகத் தோன்ற வழியே இல்லை.

அடுத்தது பணம். நன்கொடையாளர்களுக்குக் கட்டடம் பிடிக்கிறது, ஏனென்றால் கல்வெட்டில் பெயர் நிற்கும். பால்வாடி ஆசிரியையின் மாதச் சம்பளத்துக்குக் கல்வெட்டு கிடையாது. 2013ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டத்தின் 135ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் அந்தப் பணம் நிதியாண்டின் கணக்குக்குள் முடியும் வேலைகளையே பெரும்பாலும் நாடுகிறது. ஒரு ஊரின் நம்பிக்கையைப் பெறவே சில ஆண்டுகள் ஆகின்றன. இதனால் நல்ல மையங்கள்கூட எண்ணிக்கை காட்டும் முகாம்களின் பக்கம் தள்ளப்படுவதைக் காண்கையில் எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது.

எனவே இவ்வமைப்புகளை நேசிப்பவர்களிடம் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன். நன்கொடை தரும்போது கூரைக்கும் சுற்றுச்சுவருக்கும் தராமல், ஓர் ஆசிரியைக்கோ செவிலிக்கோ ஐந்தாண்டு ஊதியத்தை உறுதிசெய்து தாருங்கள். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 6 முறை கிராம சபை கூடுகிறது. உங்கள் மையம் அதில் ஒரு கூட்டத்திலேனும், அக்டோபர் 2ஆம் நாள் கூட்டமாகவே இருக்கட்டும், அந்த ஊருக்கு வந்த பணத்தையும் செய்த செலவையும் ஊராரின் முன் படிக்கச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு எதைத் தொடர்வது, எதை நிறுத்துவது, எதைத் தாங்களே ஏற்று நடத்துவது என்பதை அங்கே கூடியிருக்கும் மக்களே, முக்கியமாகப் பெண்களே, முடிவு செய்யட்டும்.