அடிக்கடி பரீட்சை வைத்தால் படித்தது மறந்துவிடுமா?

"வாராந்தப் பரீட்சைகள் வெறும் மனப்பாடத்தையே வளர்க்கும், பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்து, தவணை முடிவில் ஒரே பரீட்சை எழுதினால்தான் நினைவில் நிற்கும்" என்றொரு செய்தி இலங்கை மலையகத்தின் ஹட்டன், கொட்டகலைப் பகுதிக் கல்லூரி மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் பகிரப்படுகிறது. இது தவறு.

அமெரிக்க உளவியலாளர்களான ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை இருமுறை வாசித்த மாணவர்கள் 5 நிமிடம் கழித்து முன்னிலையில் இருந்தது உண்மையே. ஆனால் ஒரு வாரத்தின் பின் அவர்கள் நினைவில் எஞ்சியது ஏறத்தாழ 42 சதவீதம், ஒருமுறை வாசித்துவிட்டுப் பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களுக்கோ 56 சதவீதம். செய்தியைப் பரப்பியவர் அந்த 5 நிமிடத்தோடு நின்றுவிட்டார் போலும்.

தேயிலைத் தோட்டக் குடியிருப்பான லயத்து அறையில் கொப்பி முழுவதும் மஞ்சள் கோடிட்டு வாசிக்கும் மாணவிக்குப் பாடம் பிடிபட்டுவிட்டதாகவே தோன்றும். கொப்பியை மூடிவைத்து, தேயிலை தயாரிக்கையில் கொழுந்தை ஏன் முதலில் வாடவைக்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுத முயலும்போதுதான் எது வரவில்லை என்பது தெரியவரும்.

எத்தனை பரீட்சை என்பதற்கு எல்லாப் பாடத்துக்கும் பொருந்தும் ஒரே எண் கிடையாது. வாரம் ஒருமுறை, பழைய பாடத்திலிருந்தும் ஓரிரு வினாக்களைச் சேர்த்து, குறைந்த புள்ளிகளுக்கு நடத்தி, விடைகளை அன்றே விளக்குவது என் பார்வையில் பொருத்தமானது. ஒவ்வொன்றையும் இறுதிப் புள்ளியோடு கட்டிப்போட்டால் பயம் கூடும் என்ற மாணவர்களின் முறைப்பாட்டில் மட்டும் நியாயம் உண்டு.