சீனியை விட்டால் மட்டும் போதாது

நீரிழிவுக்காரர் சீனியையும் இனிப்பையும் விட்டாலே பாதி வேலை முடிந்தது என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். நல்ல கட்டுரைதான், ஆனால் அந்த ஒரு வரி எனக்குச் சரியாகப் படவில்லை. எங்கள் கொழும்பு வெள்ளவத்தைப் பக்கம் பிளேன் டீயைச் சீனி இல்லாமல் குடித்துவிட்டு, இரவில் பத்து இடியப்பத்தை உருளைக்கிழங்குக் கறியோடு சாப்பிடுகிறவர்கள் எத்தனை பேர்! ஒரு தேக்கரண்டி சீனியில் இருப்பது 4 கிராம் மாச்சத்து, அதாவது உடலில் குளுக்கோஸாக மாறும் சத்து. ஒரு கோப்பை சோற்றில் ஏறத்தாழ 45 கிராம். சிவப்பு அரிசி மாவில் அவித்தாலும் இடியப்பம் மாச்சத்துதான். நார் கொஞ்சம் கூட, அவ்வளவே. நாலு இடியப்பத்தோடு நிறுத்தி, பருப்பு, மீன், வல்லாரைச் சம்பல் என்று தட்டின் மீதியை நிரப்பினால் வயிறும் நிறையும், இரத்தத்தில் சீனியும் ஒரேயடியாக ஏறாது.

அப்புறம் நடை. சுதந்திர சதுக்கம் வரை போய் நடக்க நேரமில்லாதவர்கள், சாப்பிட்ட பிறகு வீட்டு ஒழுங்கையில் 15 நிமிடம் நடந்தாலும் பலன் உண்டு. வேலை செய்யும் தசை குளுக்கோஸைத் தானாகவே இழுத்துக்கொள்ளும். எடையைக் குறைப்பதும் அப்படித்தான். நீரிழிவின் வாசலில் நின்றவர்களை வைத்து அமெரிக்காவில் செய்து 2002இல் வெளியிட்ட ஆய்வில், எடையில் 7 சதவீதம் குறைப்பதும் வாரம் 150 நிமிட உடற்பயிற்சியும்தான் இலக்கு. நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது.

இதையும் கட்டாயம் சேர்த்திருக்க வேண்டும்: இன்சுலின் போடுகிறவர்களும் கிளிக்ளசைட் போன்ற, சீனியைக் குறைக்கும் குளிசை எடுப்பவர்களும் சோற்றைத் திடீரென்று குறைத்தால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். தயவுசெய்து முதலில் டொக்டரிடம் சொல்லி மருந்தின் அளவைச் சரிபாருங்கள்.